கல்லுக்குழித் தெருவின் ஆறு சைபர்கள்

எனக்கு முன்கோபம் அதிகம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பெரம்பலூரில் என்னோடு வேலை பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அந்தக் கோபத்தில் எத்தனையோ பேரோடு சண்டை போட்டிருக்கிறேன், பாதிப் பேரோடு மறுநாளே டீயும் குடித்திருக்கிறேன். ஒரே ஒருத்தியோடு மட்டும் பதினோரு வருடமாகப் பேச்சே இல்லை. அவள் பெயர் உண்ணாமலை. அவளுக்கு நான் பெரிய அநியாயம் செய்திருக்கிறேன் என்பது போன மாதம்தான் தெரிந்தது. அதுவும் வேறு யாரும் வந்து சொல்லவில்லை, நான் போட்ட கணக்கே சொன்னது.

எந்த வாரத்தில் எந்தத் தெருவில் கொசு பெருகும், டெங்கு எப்போது கிளம்பும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வதுதான் என் வேலை. மழை, வெயில், வீட்டு வாசலில் இருக்கும் தண்ணீர் டிரம் எல்லாவற்றையும் எண்ணாக மாற்றிக் கம்ப்யூட்டரில் கொடுத்தால் அது ஒரு பதில் சொல்லும். அதை மாடல் என்போம். கேட்கிறவர்களுக்கு ஜோசியம் மாதிரி இருக்கும். எங்கள் அம்மா இன்றைக்கும் பக்கத்து வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள்.

2013இல் கணிதத்தில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு வேப்பந்தட்டையில் வீட்டோடு இருந்தேன். அப்போது பெரம்பலூரில் ஓர் அறக்கட்டளை காய்ச்சல் ஆய்வுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் சில தெருக்களைத் தேர்ந்தெடுத்து, வாராவாரம் ஒவ்வொரு வீட்டுத் தண்ணீரிலும் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். தெருவில் இறங்கிப் பார்க்க ஒப்பந்தத்தில் பெண்களை எடுத்தார்கள். அவர்கள் கொண்டுவரும் ரிஜிஸ்டரைக் கம்ப்யூட்டரில் ஏற்றி மாடல் செய்ய என்னை எடுத்தார்கள். அரியலூர்ப் பக்கத்துத் தெருக்களைப் பார்க்க வந்தவள்தான் உண்ணாமலை. என்னைவிட மூன்று வயது பெரியவள், கல்யாணமானவள். ஆனால் முதல் நாளே என்னை வாடி போடி என்றாள். நானும் பதிலுக்கு அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமைகளில் எனக்கு ஆபீஸில் வேலை இருக்காது. பஸ் பிடித்து அரியலூர் போய்விடுவேன். உண்ணாமலை தன் மொபெட்டோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பாள். பின்னால் நான், முன்னால் கூடையில் டார்ச் லைட்டும் வெள்ளைக் கரண்டியும். ஒரு வீட்டு வாசலில் நின்று, "யக்கோவ், டிரம்மு பாக்க வந்திருக்கேன்" என்று குரல் கொடுத்தாளென்றால் நாலு வீட்டுக்காரர்கள் வெளியே வருவார்கள். கரண்டியால் தண்ணீரை மொண்டு வெயிலில் சாய்த்துப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். "பாரு, ஒங்க வூட்டுல ஒரு குடும்பமே நீச்சலடிக்குது. ரேஷன் கார்டுல பேரு சேக்கலயா?" என்பாள். திட்ட வந்த பெண்கள்கூடச் சிரித்துக்கொண்டே டிரம்மைக் கவிழ்த்துவிடுவார்கள்.

அவள் சொல்லி யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. நான் அதே விஷயத்தைச் சொன்னால் சண்டை வந்துவிடும். "நீ வாயத் தொறக்காத, நோட்ட மட்டும் புடிச்சிக்க" என்று எனக்கு உத்தரவு போட்டு வைத்திருந்தாள். ஒருமுறை என்னை ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத் திறந்தால் ஆளைக் காணோம். வெளியே யாத்திரைக்காரர்களுக்காக வைத்திருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சுத்தமா வச்சிருக்காங்கடி" என்று அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்த சித்திரையில் அவள் கணவன் ஊரான ஆண்டிமடம் பக்கத்திலிருந்து முந்திரிப் பழம் கொண்டுவருவாள். உப்புத் தொட்டுத் தின்போம். சாறு சுடிதாரில் பட்டால் கறை போகாது, தொண்டை வேறு கமறும். அதற்காக ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அந்த வயதில் எனக்கு அவளைவிட நெருக்கமாக வேறு யாரும் இல்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதை அம்மா என்னிடம் சொல்வதற்கு முன்பே அவளிடம்தான் சொன்னாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

2014 கோடையில்தான் எல்லாம் கெட்டது. அரியலூருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்துவிட்டுப் போன குழியை ஒட்டி ஒரு தெரு இருந்தது. கல்லுக்குழித் தெரு என்பார்கள். முப்பத்திரண்டு வீடு, எல்லாம் சிமெண்ட் ஷீட் கூரை, நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. வீட்டுக்குள் இடம் இல்லாததால் கறுப்பு பிளாஸ்டிக் டிரம்கள் எல்லாம் வாசலில் வெயிலில் நிற்கும். அந்தத் தெருவுக்கு உண்ணாமலை வரிசையாக ஆறு வாரம் சைபர் போட்டாள். முப்பத்திரண்டு வீட்டிலும் ஒரு புழுகூட இல்லை என்று கணக்கு.

முதல் மூன்று வாரம் நான் கண்டுகொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமை மொபெட்டில் போகும்போது, "அந்தத் தெருவுல தண்ணி கொதிக்குது சுகன்யா, கைய வக்க முடியல" என்று உண்ணாமலை சொன்னது ஞாபகம் இருக்கிறது. "சூடு ஏறுனா கொசுவுக்குக் கொண்டாட்டம்தான்" என்று பெரிய இவள் மாதிரி பதில் சொன்னேன். அதன்பிறகு மாடல் செய்வதற்கான பயிற்சிக்கு என்னைப் பதினைந்து நாள் சென்னைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. என் முதல் மாடல் தயாராகியிருந்தது. சூடு ஏற ஏற முட்டை சீக்கிரம் கொசுவாகும், பத்து நாள் ஆவது ஏழு நாளில் ஆகும், ஆகவே வெயில் ஏறினால் கொசுவும் ஏறும். இதை ஒரு நேர்கோடாகப் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கோட்டின்படி இரண்டு மாவட்டத்திலும் அதிகமாகக் கொசுப்புழு இருக்க வேண்டிய இடம் கல்லுக்குழித் தெருதான்.

எங்கள் மேற்பார்வையாளர் சாமிதுரை சாருக்கும் சந்தேகம் வந்து, ஆறாவது வாரம் முடிந்ததும் அந்தத் தெருவுக்கே போய் விசாரித்தார். முதல் வீட்டில் பாப்பாயி என்கிற அம்மாள் இருந்தார். "அந்தப் பொண்ணு வாராவாரம் டிரம்மத் தொறந்து பாக்குதா?" என்று சார் கேட்டிருக்கிறார். "நடுவுல ரெண்டு வாரம் தொடல சார்" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். சார் ஆபீஸுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். "ரெண்டு வாரம் தொடலங்கிறாங்க. மத்த நாலு வாரமாச்சும் உண்மையா இருக்குமாம்மா? ஒன் கணக்கு என்னா சொல்லுது?" என்று கேட்டார்.

"நடக்கவே நடக்காது சார். ஆறு வாரமும் வீட்டுல உக்காந்து எழுதுன கணக்கு" என்று அடித்துச் சொன்னேன். மேசையைத் தட்டினேன் என்றுகூட நினைக்கிறேன். உண்ணாமலை வாசலிலேயே நின்றுகொண்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். டார்ச்சையும் கரண்டியையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு வருத்தமே வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவள் என்னையே ஏமாற்றிவிட்டாளே என்று இரண்டு நாள் பொருமிக்கொண்டிருந்தேன். பொய்க் கணக்கு எழுதியதாக அவள் பெயருக்கு எதிரே குறித்து வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவள் குடும்பம் ஆண்டிமடம் பக்கத்துக்கே போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் திருச்சிக்கு மாறினேன், கல்யாணமாயிற்று, மறுபடி இதே திட்டத்துக்கு வந்தேன். மாடலும் வளர்ந்தது. இப்போதெல்லாம் யாரும் சூட்டுக்கு நேர்கோடு போடுவதில்லை. முப்பது டிகிரியைத் தாண்டும்வரை கொசு வேகமாகப் பெருகும், அதற்கு மேல் தடுமாறும், தண்ணீர் நாற்பதை நெருங்கினால் புழு செத்துப்போகும். ஏறி இறங்குகிற வளைவு அது. வருடா வருடம் கோடை கூடிக்கொண்டே போவதால் இந்த இறங்குகிற பக்கம்தான் முக்கியம். சித்திரை வைகாசியில் கொசு குறைந்து, காய்ச்சல் முன்னெல்லாம் தலைகாட்டாத தை மாதம்வரை தள்ளிப்போகிறது. ஆனால் அந்த வளைவு எந்த இடத்தில் இறங்கும் என்று சரிபார்க்க எங்களிடம் கணக்கு இல்லை. அவ்வளவு கொதிக்கிற டிரம்மில் யார் போய் வாராவாரம் பார்த்து எழுதியிருப்பார்கள்?

போன மாதம் பழைய வருடங்களை வைத்துப் புது மாடலை ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் 'பொய்க் கணக்கு' என்று கல்லுக்குழித் தெருவை நீக்கிவிட்டுத்தான் ஓட்டுவேன். அன்றைக்கு நீக்க மறந்துவிட்டேன். பதில் வந்தது. 2014, கல்லுக்குழித் தெரு, ஆறு வாரத்துக்கும் மாடல் சைபர் சொன்னது. மறுபடி ஓட்டினேன், சைபர். வெயில் அளவைச் சரிபார்த்துவிட்டு ஓட்டினேன், அப்போதும் சைபர்தான்.

எழுந்து போய் ஸ்டோர் ரூமில் சாக்கில் கட்டிப் போட்டிருந்த பழைய ரிஜிஸ்டர்களைக் கொட்டினேன். உண்ணாமலை எழுதியது அகப்பட்டது. வீட்டு எண், பாத்திரம், புழு என்று வரிசையாகக் கட்டம், கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் அவள் குண்டு எழுத்தில், "தண்ணி சுடுது. கரண்டி புடிக்க முடியல" என்று இருந்தது. இன்னொரு வாரம், "புழு செத்து அடியில கெடக்கு" என்று இருந்தது. உயிரோடு இருக்கும் புழுவைத்தான் எண்ணுவோம், அதனால் அதுவும் சைபர்தான். ஆறில் நாலு வாரத்துக்கு எழுதியிருந்தாள். நடுவில் இரண்டு வாரம் அந்தக் கட்டம் காலி. எழுத மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் நான் ஏன் அப்போதே பார்க்கவில்லை? அந்தக் கட்டத்தை நான் கம்ப்யூட்டரில் ஏற்றவே இல்லை. என் மாடலுக்கு எண்தான் வேண்டும், எழுத்து ஏறாது. அதனால் குறிப்புக் கட்டத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் ஏற்றுங்கள் என்று எல்லோருக்கும் சொன்னதே நான்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இப்போது திட்ட அதிகாரி மகேஷ் சார். சின்ன வயது, நிதானமானவர். இந்தக் கோடைக் கணக்குக்காக எங்கள் திட்டத்தில் மறுபடி ஆள் எடுக்கிறார்கள். பழைய அனுபவம் உள்ளவர்களுக்கு முதல் இடம், இந்த முறை நிரந்தர வேலை. ஆனால் பெயருக்கு எதிரே குறி இருந்தால் கிடையாது. நான் ஓடிப்போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆறு வாரமும் உண்மைன்னு நீங்க எழுதிக் குடுங்க, அவங்களும் கையெழுத்துப் போடட்டும். அந்தக் குறிய அடிச்சிட்டு பேர சேத்துடறேன். திங்கக்கெழம லிஸ்ட் போவுது" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி ஆண்டிமடத்தில் இறங்கி, விசாரித்துக்கொண்டு போனேன். ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாக உட்கார்ந்திருந்தவள் உண்ணாமலை. முடி நரைத்திருந்தது. கொட்டை எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். கையில் இருந்த கொட்டையை உடைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

"வாங்க மேடம்" என்றாள்.

ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. கொட்டகைக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் நின்றோம். நான் மூச்சு விடாமல் பேசினேன். புது மாடல், வளைவு, டிரம் தண்ணீரின் சூடு, குறிப்புக் கட்டம், அந்தச் சூட்டில் பார்த்து எழுதியது அவள் ஒருத்திதான் என்பது எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு சைபரும் உண்மை என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டால் நாளைக்கே வேலை என்று கடிதத்தை நீட்டினேன். மன்னித்துவிடு என்றும் சொன்னேன்.

அவள் கடிதத்தை வாங்கவில்லை. எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எல்லாம் சொல்லிட்டீங்க. இன்னும் ஒண்ணு கேக்கலயே" என்றாள்.

"என்ன?"

"டிரம்மத் தொறந்து பாத்தியா இல்லியான்னு. அன்னைக்கும் கேக்கல, இன்னைக்கும் கேக்கல. அன்னைக்கு ஒங்க கம்ப்யூட்டர் நான் பொய்யின்னு சொல்லிச்சு, நம்புனீங்க. இப்ப நான் உண்மைன்னு சொல்லுதாம், அதயும் நம்பிக்கிட்டு வந்து நிக்கிறீங்க. என்னய யாரு கேட்டா?"

கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"பாத்தியா உண்ணாமல?" என்று கேட்டேன்.

"நாலு வாரம் பாத்தேன்" என்றாள். "ரெண்டு வாரம் பாக்கல."

பாப்பாயி அம்மாள் சொன்னது உண்மைதான். அந்த வைகாசியில் உண்ணாமலையின் கணவனுக்குப் பெரியப்பா முறையுள்ளவர் இறந்துபோனார். பங்காளித் தீட்டு, பதினாறு நாள். மற்ற தெருக்களில் யாரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை, போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஆனால் கல்லுக்குழித் தெருவில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டிய தெருவில் சாவுத் தீட்டுக்காரி நுழையக் கூடாது, தண்ணீரைத் தொடுவது என்ற பேச்சே கிடையாது.

"ஆத்தாவுக்குத் தண்ணி ஊத்துற டிரம்மு அது. அதுல போயி நான் கரண்டிய வுடவா?" என்றாள் உண்ணாமலை. "தெருமொனையில நின்னு பாப்பாயி அக்காவக் கூப்புட்டு, புழு இருக்கான்னு கேட்டேன். இல்லன்னுச்சு. சைபர் போட்டுட்டேன்."

"ஆபீஸ்ல சொல்லியிருக்கலாம்ல?"

"ரெண்டு ரவுண்டு போவலன்னா பேர அடிச்சிருவேன்னு சாமிதொர சாரு மொதலயே சொல்லியிருந்தாரே. ஒங்கிட்ட சொல்லலாம்னா நீ சென்னையில இருந்த. வந்தப்பறம் சொல்லலாம்னு வந்தேன். நீ மேசயத் தட்டிக்கிட்டிருந்த."

எப்போது வாங்க போங்க போய் நீ வந்தது என்று நான் அப்போது கவனிக்கவில்லை. என் கவலையெல்லாம் திங்கட்கிழமைப் பட்டியல்மேல் இருந்தது. இவள் இதை வெளியே சொன்னால் வேலை கிடைக்காது. எனக்குப் பழையபடி கோபம் வந்துவிட்டது.

"இத யாருகிட்டயும் சொல்லாத. அந்த ரெண்டு வாரத்துக்கும் மாடல் சைபர்தான் சொல்லுது. நீ போயிருந்தாலும் சைபர்தான் இருந்திருக்கும். பேசாம கையெழுத்தப் போடு."

"மாடலு சொன்னா நான் பாத்ததா ஆயிடுமா?"

"ஆகாது. ஆனா ஒனக்கு வேல கெடைக்கும். இந்தக் கைய வச்சிக்கிட்டு இன்னும் எத்தன வருஷம் கொட்ட ஒடைப்ப?"

"என் கைய வுடு" என்றாள். "அவ்ளோ சூட்டுல பாத்து எழுதுனது நான் ஒருத்திதான்னு இப்பத்தான சொன்ன? அத வச்சித்தான எந்த மாசம் காய்ச்ச வரும்னு கணக்குப் போடப் போற? அதுல ரெண்டு பொய்ய வச்சிப் போடுவியா?"

இருபது வருடமாகக் கணக்குப் படிப்பதும் போடுவதுமாக இருக்கிறேன். பார்த்த சைபரும் பார்க்காத சைபரும் ஒன்றில்லை என்பது பாடப்புத்தகத்தின் முதல் பத்துப் பக்கத்தில் இருக்கிறது. அதை ஒருத்தி முந்திரிக்கொட்டைக் கொட்டகை வாசலில் நின்று எனக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. அதுவும் தன் வேலையைப் பணயம் வைத்து. அவள்மேல் எனக்கு அப்போது இருந்த பிரியத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கொட்டகைக்காரரிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, அங்கேயே ஒரு மூட்டைமேல் வைத்துப் புதிதாக எழுதினேன். நாலு வாரம் நேரில் பார்த்தது. இரண்டு வாரம் பார்க்கவில்லை; கேட்டு எழுதியது; காரணம் இன்னது. அதற்குக் கீழே இன்னும் நாலு வரி சேர்த்தேன். குறிப்புக் கட்டத்தை நீக்கச் சொன்னது நான், தவறான மாடலை நம்பி ஆறு வாரமும் பொய் என்று சாட்சி சொன்னதும் நான், அந்த ஊழியரை நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. எழுதி அவளிடம் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி நிதானமாகப் படித்தாள்.

"இந்தக் கடைசி நாலு வரிய எதுக்கு எழுதுன? ஒன்னயத் திட்ட மாட்டாங்களா?"

"திட்டுவாங்க. மேல வரைக்கும் போகும்."

அந்த வரிகளை இன்னொரு முறை படித்தாள்.

"சரி, திட்டு வாங்கிக்க" என்றாள். "ஒனக்கு வேணும்."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவள் சிரிக்கவில்லை. ஆனால் பஸ் ஏற்றிவிட ஆண்டிமடம்வரை கூடவே நடந்து வந்தாள். வழியெல்லாம் அவளுக்குத் தெரிந்த வீடுகளின் தண்ணீர்த் தொட்டிகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக அந்தக் கடிதத்தை மகேஷ் சாரிடம் கொடுத்தேன். சாயந்திரம் பட்டியல் வந்தது. உண்ணாமலை பெயர் அதில் இல்லை. மகேஷ் சார் அறைக்குப் போய்க் கத்தினேன். அவர் கத்தவில்லை. பொய்க் கணக்கு என்ற குறியை அடித்துவிட்டதாகவும், ஆனால் இரண்டு வாரம் பார்க்காமல் எழுதியதாக அவர்களே ஒப்புக்கொண்ட பிறகு வேலை கொடுக்க விதியில் இடமில்லை என்றும் சொன்னார். நாலு வாரத்துக் கணக்கைக் குறிப்போடு சேர்த்து ஏற்றச் சொல்லியிருந்தார். அதில் அவள் பெயரைப் போடவும் சொல்லியிருந்தார். எனக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் வந்திருந்தது.

படியிறங்கும்போதே அவளுக்குப் போன் போட்டேன். பட்டியல் வந்துவிட்டது என்று ஆரம்பித்தேன்.

"தெரியும், மகேஷ் சாரு காலையிலயே போன் பண்ணிட்டாரு" என்றாள். "எம் பேருக்கு நேரா இருந்தத அடிச்சிட்டாராம். வேலைக்கி ரூலு எடம் குடுக்கலயாம்."

"நான் சொன்னதக் கேட்டு அந்தப் பழைய கடுதாசியில கையெழுத்துப் போட்டிருந்தா இன்னிக்கு ஒனக்கு வேல கெடைச்சிருக்கும். ஒனக்குக் கோவமே வரலயா?"

"வந்துச்சு, பதினோரு வருசம் வந்துச்சு. வேல போனதுக்கா வந்துச்சுன்னு நெனச்ச?"

கொட்டை உடைக்கிற சத்தம் போனில் கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

"அழுவுறியா?" என்றாள்.

"இல்ல."

"பொய் சொல்லாதடி. ஞாயித்துக்கெழம லீவுதான? வர்றியா வரலியா, அதச் சொல்லு. நான் ஆக்கி வக்கணும்."

வரேன் என்றேன்.